லென்ஸில் வைத்த பொட்டு

அந்தப் படத்தைப் பிடித்த கேமராவைத் தேடிப் பார்த்து வாங்கச் சொன்னதே ஆரோக்கியசெல்விதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவளின் கதை. அந்தப் படம் ஆறடி ஃப்ளெக்ஸாகித் திண்டிவனத்துக் கல்யாண மண்டபத்தில் தொங்கினால், பனமலைப் பாறை மேல் குமரேசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிற பெண் யாரென்று பார்க்கிறவனெல்லாம் சொல்லிவிடுவான். குமரேசன் ஊர்த்தெரு. செல்வி காலனி. அந்தப் பக்கத்தில் இதற்குமேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பக்கத்துக் கிராமத்தில் இப்படித்தான் ஒருத்தி ஒரு பையனோடு பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ் குடித்தாள். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் அவளைப் பெற்றவளே பேச்சை மாற்றுகிறாள்.

தாண்டவராயன் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர்; நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். காலேஜ் முடிந்து சாயங்காலத்தில் செல்வி அங்கே கம்ப்யூட்டரில் பில் போடுவாள். குமரேசன் அவருடைய தம்பி மகன், விழுப்புரத்தில் படிக்கிறான். தாண்டவராயனுக்கு ஐம்பது வயதுவரைக்கும் கலை என்றால் காலண்டர். ஒரு நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனவரிடம் பல் டாக்டர் ஆனந்தராஜ், நம்ம போட்டோ குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். வாயில் இடுக்கி இருந்ததால் தாண்டவராயனால் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் கலைஞர். அதுவரை 'மொதலாளி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த செல்வி, இனிமேல் 'சார்' என்று கூப்பிட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

குழுவுக்கு 'ஒளிக் கவிஞர்கள்' என்று பெயர். வாட்ஸப்பில் பிறந்து வாட்ஸப்பிலேயே வளர்ந்த கவிஞர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் காரில் ஏறி எங்கேயாவது போவார்கள். ஏழைகள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பொக்கைவாய்க் கிழவி கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். மூக்கு ஒழுகும் பிள்ளை கிடைத்தால் அடுத்தபடி. சாயங்காலம் அந்தக் கிழவியைக் கறுப்பு வெள்ளையாக்கி, 'சுருக்கங்களுக்குள் ஒரு சரித்திரம்' என்று எழுதிப் போடுவார்கள். ஆளாளுக்குக் கைகூப்புவார்கள். கிழவிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்களா என்றால், அது ஃபிரேமுக்கு வெளியே.

ஒலக்கூர்ப் பக்கம் ஒரு தடவை நடவு நடக்கிற கழனியைப் பார்த்துக் காரை நிறுத்தினார்கள். நட்டுக்கொண்டிருந்த பெண்களில் செல்வியின் அம்மா ஜெயமும் ஒருத்தி. கேமராவைப் பார்த்ததும் பெண்கள் நிமிர்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்து நின்றார்கள். அது கலைக்கு ஆகாது. இன்னொரு தடவை குனியச் சொன்னார் டாக்டர். மேகம் மறைத்துவிட்டது என்று இன்னொரு தடவை. நாற்று தீர்ந்துபோய் வெறுங்கையோடும் குனிந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த ஜெயம் இடுப்பில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நட்ட நடவுக்குக் கூலி குடுப்பானுங்க. நடாத நடவுக்கு எவன்டி குடுக்கறது?"

செல்வி சிரித்துவிட்டாள். ஆனால் அது மனசில் முள்ளாகத் தங்கியது.

இதற்கு நடுவில்தான் தாண்டவராயனுக்குக் கேமரா வாங்க வேண்டிவந்தது. அதுவரைக்கும் டாக்டரின் பழைய கேமராவைக் கடன் வாங்கி எடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மாட்டினால் அரை மூட்டை கனம். டாக்டரோ திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய கேமராவில் எவன் வேண்டுமானாலும் எடுப்பான், சட்டைப் பையில் அடங்குகிற கேமராவில் எடுக்கிறவன்தான் உண்மையான ரசிகன் என்று திருவாய் மலர்ந்துவிட்டார். மறுநாளே தாண்டவராயனுக்குச் சட்டைப் பை அரித்தது.

"செல்வி, நீ பாத்து சொல்லுமா. யூடியூப்புல அவன் பேசறது எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல."

செல்விக்குப் புரிந்தது. பில் போடாத நேரமெல்லாம் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டுக்கூடப் பார்க்காத சாமான்களைப் பற்றி அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தாண்டவராயனுக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம். ஃப்ளெக்ஸ் போட்டால் படம் கட்டம் கட்டமாக உடையாமல் வருமா? காதுகுத்துக்கும் கருமாதிக்கும் கட்சிக்கும் ஃப்ளெக்ஸ் அடித்தே பழகிய ஊரில் படத்துக்கு வேறு பரீட்சை கிடையாது. அப்படியானால் மெகாபிக்ஸல் அதிகமாக இருப்பதைப் பார் என்றார். செல்வி அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தாள்: எண்ணிக்கை மட்டும் அதிகமாக இருந்தால் போதாது, வெளிச்சம் விழுகிற சென்சார் பெரிதாக இருக்க வேண்டும், சின்னக் கோணியில் ஒரு மூட்டை மல்லாட்டையையும் திணித்தால் உள்ளே இருப்பது நொறுங்கித்தான் போகும். அவர் கோணியை மட்டும் பிடித்துக்கொண்டு, அன்று சாயங்காலம் குழுவில் அதைத் தன் சொந்தக் கருத்தாகப் போட்டார். கைகூப்பல்கள் வந்தன.

கடைசியில் மூன்றில் வந்து நின்றது. ஒன்று, ஏரிக்கு அந்தக் கரையில் நிற்கும் கொக்கின் கண்ணைக்கூடப் பிடிக்கிற ஜூம். ஆனால் இருட்டினால் குருடு. இன்னொன்று ஜூமே கிடையாது. பெரிய சென்சார், அந்தக் காலத்துக் கேமரா போல ஒரு மினுமினுப்பு. டாக்டர் வயிறெரிவார் என்பதால் தாண்டவராயனுக்கு அதன்மேல்தான் கண். ஆனால் எந்தக் கடையில் கேட்டாலும் ஸ்டாக் இல்லை. மூன்றாவதைத்தான் செல்வி முதலிலிருந்தே மனசில் வைத்திருந்தாள். சென்சாரும் பரவாயில்லை, பையிலும் அடங்கும். பின்னால் இருக்கிற திரையை மேல்பக்கமாக மடக்கிக்கொள்ளலாம், குனிந்து பார்த்தபடி எடுக்கலாம்.

"இதுல சத்தமே வராது சார். வயித்துகிட்ட வெச்சிக்கினே எடுக்கலாம். எடுக்கறது எவனுக்கும் தெரியாது."

அப்படிச் சொல்லும்போது அவள் நினைத்தது அம்மாவின் இடுப்பை. எடுக்கிறது தெரியாவிட்டால் யாரும் விறைத்து நிற்க மாட்டார்கள். விறைத்து நிற்காவிட்டால் எவனும் இன்னொரு தடவை குனியச் சொல்ல மாட்டான். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்துக்கு வந்த பலனைத்தான் பார்க்கப் போகிறோம்.

கேமரா வந்தது ஆயுத பூஜைக்கு முன்னால். தாண்டவராயன் அதை யாரையும் தொட விடவில்லை. செல்வி ஒரு தடவை கையை நீட்டியதற்கு, "கை வேர்வ பட்டா போச்சு" என்று இழுத்துக்கொண்டார். ஆனால் பூஜையன்று தராசு, டிராக்டர் சாவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றோடும் அதையும் வாழை இலையில் வைத்து அவர் மனைவி சின்னபொண்ணு சந்தனம் குங்குமம் இட்டார். தராசுக்கு நடுத்தண்டில் இட்டார். கம்ப்யூட்டருக்குத் திரையின் நெற்றியில் இட்டார். கேமராவில் நெற்றி எது என்று ஒரு நிமிஷம் பார்த்தார். வட்டமாக, பளபளவென்று, முகம் மாதிரி இருந்தது லென்ஸ். அதன் ஓரமாக அழுத்தமாக ஒரு பொட்டு வைத்துவிட்டார். சூடம் காட்டி முடிந்ததும் தாண்டவராயன் தோள் துண்டால் ஒரு துடை துடைத்துப் பையில் போட்டார்.

பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்ற செல்வி அதைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து விளிம்பில் அப்பியிருந்தது. சொல்லிவிட வேண்டுமென்று வாய் வரைக்கும் வந்தது. கை வேர்வை பட்டால் போச்சு என்றவர்தானே, தானே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர் கண்டுபிடித்தது வேறு. சூரியனுக்கு எதிரே எதைப் பிடித்தாலும் படத்தின் வலது மூலை செக்கச்செவேலென்று பூத்துக்கொண்டு வந்தது. குழு கிறங்கிப்போனது. இந்த ஒளியை எங்கே பிடித்தீர்கள் என்றான் ஒருவன். இதுதான் உங்கள் முத்திரை என்றான் இன்னொருவன். டாக்டர் எழுதியது உச்சம்: 'செம்மை அல்ல, இது ஆன்மா.' செல்வி கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். குமரேசனிடம் சொன்னபோது அவன் பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து சிரித்தான்.

குமரேசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல பையன், ஆனால் அவனுக்கு ஒரே சட்டை. ஊர்க் கபடி டீமுக்கு தாண்டவராயன் எடுத்துக் கொடுத்த ஆரஞ்சு நிற பனியன். முதுகில் கொட்டை எழுத்தில் 'தாண்டவராயன் மல்லாட்டை மண்டி' என்று இருக்கும். எங்கே போனாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவான்.

"ஒரு நல்ல சட்ட போட்டுக்கினு வர மாட்டியா?" என்று செல்வி கடிந்துகொள்வாள். "உங்க பெரியப்பாவே நடுவுல வந்து குந்திக்கினு இருக்கற மாதிரி கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமை கவிஞர்கள் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று தாண்டவராயனுக்காக வாட்ஸப் குழுவில் தட்டிக் கொடுத்ததே செல்விதான். குகைக்குப் போனால் தூணைச் சுற்றிச் சுற்றி எடுப்பார்கள், பொழுது சாயும்வரை நகர மாட்டார்கள். அதை நம்பித்தான் ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கிருந்து குமரேசனின் வண்டியில் பனமலை. கோயிலுக்குப் பின்னால் பாறையில், கீழே ஏரி தெரிய உட்கார்ந்து, அந்தப் பொட்டுக் கதையையே இன்னொரு தடவை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. கேட்கிற கேமராவா அது?

மண்டகப்பட்டில் இருட்டாக இருக்கிறதென்று தாண்டவராயன் மட்டும் தனியாகக் கிளம்பிப் பனமலைக்கு வந்தது மறுநாள் மண்டியில்தான் தெரிந்தது. படத்தை அவரே கம்ப்யூட்டரில் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். பாறை, ஏரி, மேலே கோயில், வலது பக்கம் ஆன்மா. இடது கீழ் மூலையில் குட்டியாக ஓர் ஆரஞ்சுப் புள்ளியும் ஒரு மஞ்சள் புள்ளியும். மஞ்சள், செல்வியின் சுடிதார்.

அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. தூக்கி வளர்த்த தம்பி மகன் எதிரே உட்கார்ந்திருக்க, தன் பெயரையே முதுகில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மனிதர் டாக்டர் சொல்லிக் கொடுத்த கணக்குப்படி மூன்றில் ஒரு பாகம் வானம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். அந்த அலட்சியத்தை நினைத்து அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி, அடுத்தது அருவருப்பு. மூன்றாவதாக வந்த பயம் போகவே இல்லை. ஏனென்றால் அவர் சொன்னது இது: வருகிற ஞாயிறு மண்டபத்தில் கவிஞர்களின் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம், ஆறடி ஃப்ளெக்ஸ். இவருடையதை டாக்டரே தேர்ந்தெடுத்துவிட்டார். விழுப்புரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்கு இன்றைக்கே செல்வி மெயில் அனுப்ப வேண்டும். ஊரே வரும். தம்பி குடும்பத்தோடு வருகிறான்.

"அனுப்பறதுக்கு மின்ன பெருசு பண்ணு. உடையுதான்னு பாத்துடுவம்."

செல்வி வலது பக்கத்தைப் பெரிதாக்கினாள். கோயிலைக் காட்டினாள். ஏரித் தண்ணீரைக் காட்டினாள். கைக்குள் இருந்த கம்ப்யூட்டர் எலி எங்கெங்கேயோ போயிற்று, இடது மூலைக்கு மட்டும் போகவில்லை.

"அத்த விடு. இந்தாண்ட ஓரத்துல ரெண்டு பேரு குந்திக்கினு இருக்காங்க பாரு, அதுதான் படத்துக்கே உயிருன்னாரு டாக்டரு. கிட்டக்க கொண்டா, மொகம் உடையுதா பாப்பம்."

ஒரு தடவை அமுக்கினாள். ஆரஞ்சுப் புள்ளி ஒரு முதுகானது. முதுகில் கறுப்பாக ஒரு வரி எழுந்தது. இன்னொரு தடவை அமுக்கினால் படித்துவிடலாம். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் நெற்றியின் மேலேயே இருந்தது.

"சார்," என்றாள் செல்வி. "அந்த செவப்பு, வெளிச்சம் இல்ல சார்."

"பின்ன?"

"குங்குமம்."

தாண்டவராயன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். அரசுக் காலேஜில் முதல் வருஷம் படிக்கிறவளுக்கு எம்.டி.எஸ். படித்த டாக்டரை விடத் தெரிந்துவிட்டதா என்று ஏறினார். காலனியில் எப்போதிருந்து கலை ரசனை எல்லாம் வந்தது என்றும் கேட்டார். அதையும் அவள் விழுங்கிக்கொண்டாள். கேமராவை எடுங்கள் என்று மட்டும் சொன்னாள். படத்தைத் திரையில் சின்னதாக்கிவிட்டுத் தன் செல்போன் டார்ச்சை லென்ஸின் மேல் அடித்தாள். விளிம்பில், நெற்றியில் பழம்பொட்டு காய்ந்ததுபோல, சந்தனத்துக்கு மேல் குங்குமம் சிவப்பாகச் சிரித்தது. ஆன்மா அங்கே ஒரு மிளகு அளவுக்கு இருந்தது.

அவர் சுண்டுவிரல் நகத்தைக் கொண்டுபோனார். "நகத்தால சொரண்டாதீங்க சார், கோடு வுழுந்துடும்" என்று அவள் தடுத்தாள். அப்போதும் அந்தக் கேமராவின் மேல் அவளுக்கு இரக்கம்.

பிறகு அவர் வீட்டுக்கு போன் போட்டுச் சின்னபொண்ணைத் திட்டத் தொடங்கினார். சாமி கும்பிடத் தெரியாதா என்பதில் ஆரம்பித்து மனைவியின் பிறந்த வீடு வரைக்கும் போனார். அந்த அம்மாள் அந்தப் பக்கத்திலிருந்து என்ன சொன்னாரோ, இவர் பாதியில் வைத்துவிட்டார்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். "இப்ப தெரியாது சார். ஆறடிக்குப் போட்டா கிட்டக்க வந்து நின்னு பாப்பாங்க. உங்க படம் எல்லாத்துலயும் அதே எடத்துல அதே திட்டு. ஒருத்தன் கண்டுபுடிச்சான்னா போதும், பொட்டு தாண்டவராயன்னு பேர் வெச்சிடுவானுங்க."

அவர் லென்ஸை இன்னொரு தடவை பார்த்தார். திண்டிவனத்தில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் பேரப்பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூட வரும். அவர் அப்பாவுக்கே 'சொத்தை' என்று பெயர். ஒரே ஒரு தடவை மூட்டையில் சொத்தை மல்லாட்டை கலந்ததற்காக, செத்த பிறகும் அந்தப் பெயர்.

"நீ எப்ப பாத்த இத்த? பூஜ அன்னிக்கேவா?"

"இப்பதான் சார்."

அந்தக் கேமராவில் அதுவரைக்கும் எடுத்ததையெல்லாம் அழிக்கச் சொன்னார். கார்டில் இருப்பது, கம்ப்யூட்டரில் இருப்பது, செவப்பு தெரிகிற ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. குழுவில் போனவை வாட்ஸப் சுருக்கிய குட்டிப் படங்கள், அவற்றைப் பெரிதாக்கினால் புள்ளிதான் மிஞ்சும். "ஜல்தி" என்று சொல்லிவிட்டு மூட்டை எடை பார்க்க வெளியே போனார்.

செல்வி ஒவ்வொன்றாக அழித்தாள். பனமலை வந்ததும் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, கைவிட்ட அந்த இன்னொரு அமுக்கை அமுக்கினாள். மண்டியின் பெயர் எழுத்துக்கு எழுத்து தெளிவாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், கேமராப் பக்கம் முகம் திரும்பி, அவள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைக்கூட மூடிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லெல்லாம் தெரிந்தது. ஒரு முடிகூட உடையவில்லை. ஸ்கூல் ஐடி கார்டிலும் ஆதார் கார்டிலும் இருக்கிற அந்தத் திருட்டு முழி முழிக்கிறவள் இவள் இல்லை. இவ்வளவு நன்றாக அவளை யாரும் எடுத்ததில்லை. எடுத்தவனுக்கே தெரியாமல் எடுத்த ஒரே நல்ல படம்.

நெஜமாவே நல்ல கேமராதான் என்று நினைத்துக்கொண்டு அழித்தாள்.

திரும்பி வந்த தாண்டவராயனுக்கு அதற்குள் வேறு யோசனை வந்திருந்தது. "அப்ப அந்த நடவுப் படத்த அனுப்பிடு. டாக்டர் கேமராவுல எடுத்தது, பொட்டு கிட்டு ஒண்ணும் இருக்காது."

செல்வி அதைத் திறந்தாள். சேற்றில் குனிந்த முதுகுகள். நடுவில் இருந்த முதுகில் ரவிக்கையின் தையல் பிரிந்து வேறு நூலில் தைத்திருந்தது. அந்த நூலைக் கோத்துக் கொடுத்தவள் செல்வி. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணத்தைத் தேடினாள். இன்னொரு குங்குமத்துக்கு அவள் எங்கே போவாள்? பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னார். பெரிதாக்கினாள். உடையவில்லை. அனுப்பினாள்.

கண்காட்சியில் அது வாசலிலேயே தொங்கியது. 'மண்ணின் முதுகெலும்பு' என்று டாக்டர் பெயர் வைத்திருந்தார். வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். குமரேசனின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, நடவு வரிசை கோணலாக இருக்கிறது என்றாராம். முடிந்ததும் தாண்டவராயன் ஃப்ளெக்ஸைச் சுருட்டி, எதற்காவது ஆகும், எடுத்துப் போ என்று செல்வியிடமே கொடுத்தார். கொடுக்கும்போதும் அதில் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியாது.

வீட்டில் ஜெயம் அதைத் தரையில் விரித்து, ஒரு முனையில் காலை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது நான்தான?"

"ஆமா."

"மொகத்த எடுக்கலியா?"

"இல்லம்மா."

"ஆறடி அடிச்சிருக்கானுங்க, அதுல மொகத்துக்கு எடம் இல்லியா?" ஜெயம் கையால் ஃப்ளெக்ஸைத் தேய்த்துப் பார்த்தாள். "நல்ல கனம். தண்ணி எறங்காது."

குளிக்கிற மறைப்புக்குக் கட்டியிருந்த பழைய ஃப்ளெக்ஸ் ஒரு வேட்பாளரின் கும்பிட்ட கையோடு கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துவிட்டு அம்மாவும் மகளும் இதைக் கட்டினார்கள். தெருவில் போகிறவன் பார்க்கக் கூடாதென்று படத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டச் சொன்னாள் ஜெயம். அப்படியே கட்டினார்கள். செல்வி கயிற்றின் முடிச்சை இறுக்கும்போது செல்போன் அதிர்ந்தது. குமரேசன். வருகிற ஞாயிறு பனமலைக்கு வருகிறாயா என்று கேட்டிருந்தான்.

தாண்டவராயன் லென்ஸைத் துடைக்கிற திரவத்தை வரவழைத்துத் துடைத்து வைத்திருந்தார். அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், பொட்டு இல்லாமல் இன்னொரு தடவை எடுக்கப் போகிறேன் என்று மண்டியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பனமலை வேண்டாம் என்று அவள் தட்டினாள். பின்ன எங்கே என்று அவன் கேட்டான். யோசித்தாள். மண்டகப்பட்டு, ஏரிக்கரை, விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் என்று எந்த இடத்தை நினைத்தாலும், வயிற்றுக்கு நேராக எதையோ பிடித்துக்கொண்டு ஒருவன் குனிந்து நின்றான். சத்தமே வராது. எவனுக்கும் தெரியாது. அவளே சொன்னது.

ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு அவள் பதில் போட்டாள்:

"எங்கன்னா சொல்லு, வர்றேன். அந்தப் பனியன மட்டும் போட்டுக்கினு வந்துடாத."